பஸ்டர் கீட்டனும் ஆஸ்கரின் பக்கவாசலும்

1960 ஏப்ரல் 4 அன்று நடந்த 32ஆவது ஆஸ்கர் விழாவில் 'பென்-ஹர்' 11 விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. அதுவரை எந்தப் படமும் அத்தனை விருதுகள் வாங்கியதில்லை. அதே இரவில், பில்லி வைல்டரின் 'சம் லைக் இட் ஹாட்' ஆறு பரிந்துரைகளோடு வந்து, ஆடை வடிவமைப்புக்கான ஒரே ஒரு விருதோடு திரும்பியது. சிறந்த படத்துக்கான போட்டியில் அதன் பெயரே இடம்பெறவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2000இல், அமெரிக்கத் திரைப்படக் கழகம் தன் நாட்டின் நூறு சிறந்த நகைச்சுவைப் படங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் தந்தது இந்தப் படத்துக்குத்தான்.

அந்த விழாவில் இன்னொன்றும் நடந்தது. 64 வயதான பஸ்டர் கீட்டனுக்கு ஒரு கௌரவ விருது வழங்கப்பட்டது. அவருடைய பெரும் படங்கள் வெளிவந்து அப்போதே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. போட்டிப் பிரிவு எதிலும் அவர் பெயர் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1966 பிப்ரவரி 1 அன்று, நுரையீரல் புற்றுநோயால் கீட்டன் இறந்தார்.

பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது: ஆஸ்கருக்குச் சிரிப்பு என்றால் இளக்காரம், அழவைப்பவனுக்கே மேடை. கீட்டன் அதற்கு முதல் சாட்சியாக நிறுத்தப்படுவார். இந்தப் புகாரில் பாதிதான் உண்மை என்பது என் வாதம். ஆஸ்கர் பலமுறை நகைச்சுவைக்குத் தாராளமாக வாரிக் கொடுத்திருக்கிறது. கொடுக்கத் தெரியாமல் தவித்தது ஒருவகை நகைச்சுவைக்கு மட்டும்தான்: உடம்பையும் காமிராவையும் சேர்த்து வைத்து, எழுத்துப் பிரதி இல்லாமல் உருவாகும் நகைச்சுவைக்கு. வெறுப்பைவிட, விருதுப் பிரிவுகள் வகுக்கப்பட்ட விதமே இதற்கு அதிகம் காரணம்.

எழுதாமல் எடுத்தவர்

ஜோசப் ஃபிராங்க் கீட்டன் 1895 அக்டோபர் 4 அன்று கான்சாஸ் மாநிலத்தின் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் தந்தை இருவரும் ஊர் ஊராகச் சென்று ஆடும் வாட்வில் மேடைக் கலைஞர்கள். 'மூன்று கீட்டன்கள்' என்ற அவர்களுடைய நிகழ்ச்சியில் தந்தை மகனைத் தூக்கி மேடைத் திரைகள்மேல் வீசுவார், சில நேரம் இசைக்குழுவினர் இருக்கும் பள்ளத்தில் எறிவார். வாகாகப் பிடித்து வீசுவதற்காகச் சிறுவனின் சட்டையில் பெட்டியின் கைப்பிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது. குழந்தை வதை என்று சிறுவர் பாதுகாப்புச் சங்கத்தார் அடிக்கடி வந்து விசாரித்தார்கள். அந்த வயதிலேயே பையன் ஒன்றைக் கண்டுகொண்டான். விழுந்து எழுந்து தானும் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது. முகத்தில் சலனமே இல்லாமல் நின்றால் அரங்கமே அதிர்கிறது. பின்னாளில் உலகம் அறிந்த அந்தக் கல்முகம் இப்படி மேடையில் சோதித்துத் தேறியது.

1917இல் நியூயார்க்கில் ராஸ்கோ ஆர்பக்கிளின் படக்குழுவில் சேர்ந்தபோது கீட்டனுக்கு முதலில் வந்த ஆர்வம் காமிராவின்மேல். அதைக் கழற்றிப் பார்த்துத்தான் சினிமா கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 1920 முதல் 1928 வரை, தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் கொடுத்த சுதந்திரத்தில், 19 குறும்படங்களும் 10 முழுநீளப் படங்களும் எடுத்தார். 'தி பிளேஹவுஸ்' (1921) படத்தில் ஒரே சட்டகத்தில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக ஆடுகிறார்கள். ஒரே பிலிமை மீண்டும் மீண்டும் பின்னோக்கிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்து எடுத்தது அது. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி கையால் சுழற்றிய வேகம் சற்றுப் பிசகியிருந்தாலும் ஒன்பது பேரின் தாளமும் குலைந்திருக்கும். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில், திரையரங்கில் படம் ஓட்டுபவன் கனவில் எழுந்து திரைக்குள்ளேயே நடந்து போகிறான். அவன் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னணி மட்டும் தோட்டமாக, தெருவாக, பாறையாக, கடலாக மாறிக்கொண்டே போகிறது. இதே படத்தில் ரயில் தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் அறைந்தது. கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்தது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரியவந்தது.

அவருடைய ஸ்டுடியோவில் முழுத் திரைக்கதை எழுதும் வழக்கம் கிடையாது. தொடக்கமும் முடிவும் பிடிபட்டால் போதும், நடுப்பகுதி தானே வந்துவிடும் என்பது கீட்டனின் நம்பிக்கை. கிளைட் பிரக்மன், ஜீன் ஹாவெஸ், ஜோசப் மிட்செல் போன்றவர்கள் கூடி உட்கார்ந்து யோசனைகளை அடுக்குவார்கள். யோசனை முட்டிக்கொண்டால் எல்லோரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள். ஆட்டத்தின் நடுவே யாருக்காவது வழி தோன்றினால் படப்பிடிப்பு மறுபடி தொடங்கும். இப்படி உருவான ஒரு காட்சிக்கு எழுத்தாளர் யார், இயக்குநர் யார், நடிகர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. விருது கொடுக்க வேண்டும் என்றாலோ பிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஒரே ஒருமுறை வழங்கப்பட்ட விருது

ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாடமி 1927இல் தொடங்கப்பட்டது. எம்ஜிஎம் ஸ்டுடியோவின் தலைவர் லூயி பி. மேயர் அதற்கு முன்னின்றார். தொழிலாளர் சங்கங்கள் வேர்விடுவதற்கு முன்பே ஸ்டுடியோவுக்குள் சச்சரவுகளைத் தீர்க்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்பது அவருடைய கணக்குகளில் ஒன்று. விருது பின்னால் வந்து சேர்ந்தது. தயாரிப்பாளர், நடிகர், இயக்குநர், எழுத்தாளர், தொழில்நுட்பத்தார் என்று ஐந்து கிளைகளாக அகாடமி அமைந்தது. அன்றைய பெரிய ஸ்டுடியோ ஒன்றில் வேலை எப்படிப் பங்கிடப்பட்டதோ அதே வரைபடம். விருதுப் பிரிவுகளும் அந்த வரைபடத்திலிருந்தே பிறந்தன.

1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் முதல் விழா நடந்தது. விருதளிப்பு முடியக் கால்மணி நேரம்தான் ஆயிற்று. வரலாற்றில் அந்த ஒரே முறை இயக்குநருக்கு இரண்டு விருதுகள் இருந்தன: நாடகப் படத்துக்கு ஒன்று, நகைச்சுவைப் படத்துக்கு ஒன்று. நகைச்சுவை விருதை 'டூ அரேபியன் நைட்ஸ்' படத்துக்காக லூயிஸ் மைல்ஸ்டோன் பெற்றார். போட்டியில் நின்ற மற்றொருவர் டெட் வைல்ட். படம் ஹெரால்ட் லாய்ட் நடித்த 'ஸ்பீடி'. சார்லி சாப்ளின் 'தி சர்க்கஸ்' படத்துக்காக நடிப்பிலும் நகைச்சுவை இயக்கத்திலும் முதலில் கருதப்பட்டிருந்தார். பிறகு அகாடமி அவரைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டு, நடிப்பு, எழுத்து, இயக்கம், தயாரிப்பு நான்கையும் ஒருசேரப் பாராட்டித் தனி விருது ஒன்று கொடுத்தது. மறுவிழாவில் பிரிவுகள் 12இலிருந்து 7ஆகக் குறைக்கப்பட்டன. நகைச்சுவை இயக்கத்துக்கான விருது அதோடு போயிற்று, இன்றுவரை திரும்பவில்லை.

கீட்டன் அந்த ஆண்டு எங்கே இருந்தார்? அவருடைய தலைசிறந்த படம் என்று இன்று கொண்டாடப்படும் 'தி ஜெனரல்' நாட்காட்டியிலேயே தோற்றது. முதல் விருதுகள் 1927 ஆகஸ்ட் 1 முதல் 1928 ஜூலை 31 வரையிலான படங்களுக்கு. 'தி ஜெனரல்' 1927இன் தொடக்க மாதங்களிலேயே அமெரிக்க அரங்குகளுக்கு வந்துவிட்டது. ஆனால் 1928 மே மாதம் வெளியான 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' எல்லைக்குள்தான் வந்தது. புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து கீட்டன்மேல் விழ, மாடி ஜன்னலின் திறப்பு அவர் நின்ற இடத்தில் வந்து அமர்வதால் அவர் பிழைக்கும் காட்சி அந்தப் படத்தில்தான் இருக்கிறது. அட்டைச் சுவர் காற்றில் நெளியும் என்பதால் சுவரைக் கனமாகவே கட்டினார்கள். எடை சுமார் 2 டன் என்பார்கள். தலைக்கும் தோளுக்கும் கிடைத்த இடைவெளி அங்குலக் கணக்கு.

அந்தக் காட்சிக்கு எந்தப் பிரிவில் விருது கொடுப்பது? நடிப்பு என்றால், முகம் அசையவே இல்லை. எழுத்து என்றால், ஒரு வரி வசனம் இல்லை. நகைச்சுவை இயக்கம் என்று கொடுத்திருந்தாலும் அது கீட்டன் கைக்கு வந்திருக்காது. படத்தின் இயக்குநராகப் பதிவானவர் சார்லஸ் ரைஸ்னர். 'ஸ்பீடி'யிலும் இதே கதைதான். படத்தின் உயிர்நாடி லாய்ட், பரிந்துரை டெட் வைல்டுக்கு. நான்கு வேலைகளையும் தன் பெயரிலேயே செய்த சாப்ளினை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் போட்டிக்கு வெளியே நிறுத்திக் கௌரவித்தார்கள். முதல் ஆண்டிலேயே சிக்கல் முழுதாக வெளிப்பட்டுவிட்டது.

பேச்சுக்கு மதிப்பெண்

ஆஸ்கர் சிரிப்பை அடியோடு ஒதுக்கியது என்று சொல்வோருக்கு எதிராக ஆதாரங்கள் வரிசையில் நிற்கின்றன. ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' (1934) படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து முதன்மை விருதுகளையும் வென்றது. அதே காப்ராவின் 'யூ கான்ட் டேக் இட் வித் யூ' 1938க்கான சிறந்த படம். 1960க்கான சிறந்த படம் வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்'. வுடி ஆலனின் 'ஆனி ஹால்' 1977க்கான போட்டியில் 'ஸ்டார் வார்ஸை' வீழ்த்தியது. 'பார்ன் யெஸ்டர்டே'யில் அசட்டுப் பெண்ணாகத் தொடங்கும் வேடத்துக்காக ஜூடி ஹாலிடே 1950க்கான சிறந்த நடிகை ஆனார். தோற்றவர்களில் 'ஆல் அபவுட் ஈவ்' படத்தின் பெட்டி டேவிஸும், 'சன்செட் பூல்வார்ட்' படத்தின் குளோரியா ஸ்வான்சனும் உண்டு. பின்னதில், மறக்கப்பட்ட ஊமைப்பட நடிகர்களில் ஒருவராகச் சீட்டாடிக்கொண்டிருப்பவர் கீட்டன்.

வென்ற படங்களை அடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. எல்லாம் பேச்சால் நகரும் படங்கள். கூர்மையான வசனம், நாடகமேடையிலிருந்தோ எழுத்தாளரின் மேசையிலிருந்தோ வந்த கட்டமைப்பு. பிரதியாகப் படிக்கக்கூடிய நகைச்சுவைக்கு எழுத்துப் பிரிவு இருக்கிறது. அதைப் பேசியவருக்கு நடிப்புப் பிரிவு இருக்கிறது.

இதற்குச் சாப்ளினைவிட நல்ல சோதனை கிடையாது. பேசும்படம் வந்த பிறகும் பிடிவாதமாக வசனத்தைத் தவிர்த்து அவர் எடுத்த 'சிட்டி லைட்ஸ்' (1931), 'மாடர்ன் டைம்ஸ்' (1936) இரண்டுக்கும் ஒரு பரிந்துரைகூட இல்லை. 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் வாய் திறந்து பேசினார். படம், நடிகர், துணை நடிகர், திரைக்கதை, இசை என ஐந்து பரிந்துரைகள் வந்தன. ஒன்றும் வெல்லவில்லை என்பது வேறு விஷயம். அதே கலைஞன், அதே உடம்பு, கூடியது பேச்சு.

உடல்வழி நகைச்சுவைக்கு ஒரே ஒரு சிறு திண்ணை கிடைத்தது: குறும்படம். 5ஆவது விழாவில் நகைச்சுவைக் குறும்படம் என்ற பிரிவு தொடங்கியது. முதல் விருது லாரல்-ஹார்டி ஜோடியின் 'தி மியூசிக் பாக்ஸ்' படத்துக்கு. ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டின் மேலே ஏற்ற இருவர் படும் பாடுதான் மொத்தக் கதையும். விதிப்படி விருது போனது தயாரிப்பாளர் ஹால் ரோச் பெயருக்கு. 1936இல் அந்தப் பிரிவும் கலைக்கப்பட்டு, குறும்படங்கள் ஒரு ரீல், இரண்டு ரீல் என்று நீளத்தால் அளக்கப்பட்டன.

நடிப்புப் பிரிவு நகைச்சுவைக்காரர்களை ஏற்றபோதும் நிபந்தனை இருந்தது. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே', 'பிரிங்கிங் அப் பேபி' படங்களில் அசாத்தியமான தாளத்தோடு ஓடியாடிய கேரி கிராண்ட் பரிந்துரைக்கப்பட்டது இரண்டே முறை. 'பென்னி செரினேட்', 'நன் பட் தி லோன்லி ஹார்ட்' இரண்டுமே கண்ணீர்ப் படங்கள். ராபின் வில்லியம்ஸுக்கு விருது கிடைத்தது 'குட் வில் ஹன்டிங்' படத்தில் மனைவியை இழந்த மனநல ஆலோசகராக அடக்கி வாசித்தபோது. 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' படத்துக்காகக் கெவின் கிளைன் வென்றது போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

எம்ஜிஎம் என்ற மற்றொரு பிரிவினை

கீட்டனின் வீழ்ச்சிக்குப் பேசும்படம்தான் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. காலவரிசை அதற்கு ஒத்துவரவில்லை. 1928இல், சாப்ளினும் லாய்டும் தடுத்தும், ஷெங்கின் சொல்லைக் கேட்டு அவர் எம்ஜிஎம்முக்குப் போனார். அங்கே கேட்ட முதல் பொருள் முழுமையான திரைக்கதை. எதற்கு எவ்வளவு செலவு, எந்த நாளில் எந்தக் காட்சி என்று முன்கூட்டியே வகுக்காமல் ஒரு பெரிய ஸ்டுடியோ ஓடாது. 'தி கேமராமேன்' (1928) படத்தில் அவர் போராடித் தன் பாணியை ஓரளவு காப்பாற்றினார், அதுவும் ஊமைப்படமே. அடுத்தடுத்து எழுத்தாளர் கூட்டமும் மேற்பார்வையாளர்களும் சூழ, கீட்டன் எழுதிக்கொடுத்ததை நடிப்பவர் ஆனார். அப்படி வந்த பேசும்படங்கள் பணம் ஈட்டின என்பதுதான் கொடுமை. தன் முறை சரி என்று வாதாட அவருக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று. குடி முற்றியது, மணவாழ்வு முறிந்தது. 1933இல் மேயர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். எம்ஜிஎம்முக்குப் போனதைத் தன் வாழ்வின் பெரும் தவறாகக் கீட்டன் பின்னாளில் எழுதினார்.

அகாடமியை நிறுவ முன்னின்றவரே கீட்டனை வெளியேற்றினார் என்பதைத் தனிப்பட்ட பகையாகப் படிக்க வேண்டியதில்லை. இரண்டின் பின்னாலும் ஒரே சிந்தனை இருக்கிறது: படம் என்பது பல துறைகளின் உழைப்பு, ஒவ்வொரு துறையையும் தனித்தனியே நிர்வகிக்கலாம், தனித்தனியே பாராட்டலாம். அந்தச் சிந்தனை 'கான் வித் தி விண்ட்' போன்ற படங்களைச் சாத்தியமாக்கியது. கீட்டனின் பட்டறைக்கு அதில் இடமில்லை. பிறகு அதே எம்ஜிஎம்மில் குறைந்த சம்பளத்துக்கு, ரெட் ஸ்கெல்டன் போன்றவர்களின் படங்களுக்குச் சிரிப்பு யோசனை சொல்பவராக அவர் வேலை பார்த்தார்.

கௌரவ வரிசை

போட்டியில் இடமில்லாதவர்களுக்குப் பக்கவாசல் திறந்தது. மேக் சென்னட்டுக்கு 1938இல், ஹெரால்ட் லாய்டுக்கு 1953இல், கீட்டனுக்கு 1960இல், ஸ்டான் லாரலுக்கு 1961இல், சாப்ளினுக்கு மறுபடி 1972இல், கிரௌச்சோ மார்க்ஸுக்கு 1974இல் கௌரவ விருதுகள். ஆலிவர் ஹார்டி 1957இலேயே இறந்துவிட்டார். லாரலோ விழாவுக்கு வரவில்லை. ஹார்போவும் சிக்கோவும் மறைந்த பிறகே மார்க்ஸ் சகோதரர்களின் சாதனை மேடையில் பாராட்டப்பட்டது.

கௌரவ விருதின் வாசகங்கள் படத்தைத் தாண்டியும் பேசின. லாய்டின் விருது அவரைத் தேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் என்றதோடு நல்ல குடிமகன் என்றும் பாராட்டியது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1952 செப்டம்பரில், சாப்ளின் அமெரிக்காவுக்குத் திரும்பும் அனுமதியை அரசு ரத்து செய்திருந்தது. அந்தப் பாராட்டு யாரைக் குத்துவதற்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து அதே மேடையில் சாப்ளின் நின்றபோது அரங்கம் எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது.

இந்த வரலாற்றின் விசித்திரமான முடிச்சு 'லைம்லைட்' (1952). சாப்ளினும் கீட்டனும் இணைந்து நடித்த ஒரே முழுநீளப் படம் அது. மேடையில் ஒருவர் வயலினோடும் மற்றவர் பியானோவோடும் மல்லுக்கட்டும் அந்தக் காட்சியில் வசனம் அநேகமாக இல்லை. அரசியல் புறக்கணிப்பால் லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது முறையாக வெளியாகாத படம், 1972இல் வெளியாகி, விதிப்படி போட்டிக்குத் தகுதி பெற்றது. 1973இல் சாப்ளின் தன் வாழ்வின் ஒரே போட்டி ஆஸ்கரை அதற்காக வாங்கினார். பிரிவு: பின்னணி இசை. உலகின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகருக்கு அகாடமி போட்டியில் கொடுத்த ஒரே விருது, அவர் அமைத்த இசைக்கு.

மதிப்பீடு எங்கே நடந்தது?

கீட்டனின் இன்றைய இடத்தை விருது மேடை தீர்மானிக்கவில்லை. 1949இல் 'லைஃப்' இதழில் ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை சாப்ளின், லாய்ட், ஹாரி லாங்டன் ஆகியோரோடு கீட்டனையும் வைத்து ஊமைப்பட நகைச்சுவையை மறுபடி பேச வைத்தது. கீட்டனின் பழைய மாளிகையில் குடியேறிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். ரேமண்ட் ரோஹாவர் படங்களைத் தேடிச் சேர்த்து மறுபடி அரங்குக்குக் கொண்டுவந்தார். 1962இல் பாரிஸின் சினிமாதெக் கீட்டன் படவரிசை ஒன்றை நடத்தியது. 1965இல் வெனிஸ் விழா எழுந்து நின்று வரவேற்றது. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் 1972, 1982 இருமுறையும் 'தி ஜெனரல்' முதல் பத்துக்குள் வந்தது.

பட்டியல்களும் தடுமாறும் என்பதற்கு அதே படமே சான்று. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் 1998ஆம் ஆண்டு நூறு படப் பட்டியலில் 'தி ஜெனரல்' இல்லவே இல்லை. 2007 பட்டியலில் 18ஆம் இடம். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் படம் மாறவில்லை, பார்த்தவர்கள் மாறினார்கள். வெளியான காலத்தில் அதற்குக் கிடைத்தது மந்தமான வசூலும் கலவையான விமர்சனமும். ஓரிகானின் காட்டேஜ் குரோவ் அருகே, எரியும் பாலத்தோடு ஒரு நிஜ ரயில் என்ஜினை ஆற்றில் விழவைத்த செலவு அன்றைய முதலாளிகளின் கண்ணை உறுத்தியது.

அந்தப் படத்தைக் குறையே இல்லாததாகக் கொண்டாடுவதும் சரியல்ல. 1862இல் வடக்குப் படையினர் தெற்கில் ஒரு ரயிலைக் கடத்திய உண்மை நிகழ்வை எடுத்துக்கொண்டு, கீட்டன் நாயகனைத் தெற்கின் பக்கம் நிறுத்தினார். தோற்றவர்களை வில்லனாக்கினால் பார்வையாளர் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அடிமைமுறை என்ற ஒன்று இருந்த சுவடே படத்தில் இல்லை. வேகத்தையும் வடிவத்தையும் வியக்கும் அதே கண் இந்த இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

கீட்டன் கௌரவிக்கப்பட்ட அதே இரவில் வென்ற 'பென்-ஹரின்' தேர்ப்பந்தயத்துக்கு உயிர்கொடுத்த ஸ்டண்ட் கலைஞர் யாக்கிமா கனட்டுக்கும் கிடைத்தது கௌரவ விருதுதான், 1966ஆம் ஆண்டுக்கானது. உடம்பைப் பணயம் வைக்கும் கலைக்கு ஒரு பிரிவு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்பட அதன்பிறகும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது உண்டு என்று 2025 ஏப்ரலில் அகாடமி அறிவித்தது. 1928இல் அந்தப் பிரிவு இருந்திருந்தால் விழும் சுவர் வென்றிருக்கலாம். அப்போதும் பாராட்டப்பட்டிருப்பது துணிச்சல் மட்டுமே. சுவர் விழுந்த பிறகு அசையாத முகத்தோடு ஒரு கணம் நின்று, பிறகே ஓடத் தொடங்கும் அந்தத் தாமதத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. அதற்கு எந்தத் துறையும் உரிமை கோர முடியாது.

ஆகவே பழைய ஆஸ்கர் பட்டியலைத் தரவரிசையாகப் படிப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒரு தொழில் தன் உழைப்பை எப்படிக் கூறுபோட்டது என்பதன் ஆவணமாகப் படிப்பவர்களுக்கு அது நிறையச் சொல்லும். எந்தப் படத்துக்கு அநியாயம் நடந்தது என்ற சண்டை சுவாரசியமானது, போடத்தான் வேண்டும். அதற்கு முன் அந்த ஆண்டில் என்னென்ன பிரிவுகள் இருந்தன, விருது யார் பெயருக்குப் போகும் என்று விதி சொன்னது, எந்த வேலைக்குப் பெயரே இல்லை என்று பார்த்துவிட்டால், சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியைத் தீர்க்கப் படங்கள் இருக்கின்றன.